மிளகாய்ப் போத்தல்

முதலில் மரியதாஸின் கண்கள் சிவந்தன.

மிளகாய்தான் என்று செல்வராணி நினைத்தாள். மேசையில் ஒரு சின்னப் போத்தல் இருந்தது. அதற்குள் தெளிந்த நீரில் ஊசிமிளகாய்கள் ஊறிக்கிடந்தன. யாழ்ப்பாணத்து ஆளை உறைப்பில்லாத சூப்புக்கு முன்னால் உட்காரவைத்தால் கை சும்மா இருக்குமா? வினாகிரியில் ஊறின மிளகாய்தானே என்று சொல்லிக்கொண்டே அரைப் போத்தலைக் கவிழ்த்திருந்தான். அவளுக்கு வயிற்றெரிவு. அவள் அதைத் தொடவில்லை.

சுவிஸில், பேர்ண் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஜப்பானின் ஒக்கினாவாக்காரி ஒருத்தி நடத்துகிற சின்னக் கடை அது. தடித்த நூடில்ஸ், மேலே வேகவைத்த பன்றி இறைச்சி, கொஞ்சம் இஞ்சி. காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற சாப்பாடு என்று மரியதாஸ் பகிடி விட்டான். அவனே தடிமன் பிடித்து, மூக்கடைத்து, இரண்டு நாளாக ஒரு மணமும் தெரியாமல் திரிகிற ஆள்.

அவன் குடியை விட்டு ஒரு வருடம். அதற்காகத்தான் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் அவளைக் கடைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்திருந்தான். கோயில் வாசலில் அன்றைக்கும் நாலு பேருக்குச் சொன்னான், தன் மனத்தின் பலத்தால் மட்டுமே விட்டதாக.

சிவப்பு கண்ணிலிருந்து காதுக்கும் கழுத்துக்கும் இறங்கியது. அவன் கரண்டியை வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றினான்.

இது மிளகாய்ச் சிவப்பு இல்லை. செல்வராணிக்கு அது தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்லலாம்.

வரும் வழியில் சிகரெட் வாங்கவென்று கியோஸ்க்குக்குப் போனான். அங்கே உள்ளங்கைக்குள் அடங்குகிற சாராயப் போத்தல்களும் விற்கிறார்கள். அவள் மேசைக்கு மேலாகக் குனிந்து அவன் மூச்சை மணந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. சாராயம்.

"குடிச்சனீங்களோ?"

"மாதா அறிய இல்லை, ராணி. நெஞ்சு கிடந்து அடிக்குது."

இன்னொரு முறை குடித்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊஸ்டர் நகரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். வெறும் வாய்ப் பேச்சு இல்லை அது. அவன் அதற்குத்தான் பயந்தான். நெஞ்சு அடிப்பது அவனுக்கு இரண்டாம் பட்சம்.

கடைக்காரி வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் கையை வைத்தாள். சொட்டுச் சொட்டாக விட வேண்டியதாம். உள்ளே இருப்பது வினாகிரி அல்லவாம், ஷ்னாப்ஸாம், சாராயம். கடைக்காரிக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

முகமெல்லாம் வேர்த்து வழிய, மரியதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கேட்டனீரோ? சூப்புக்குள்ளை இருந்திருக்கு. நான் குடிக்கேல்லை."

அவனுக்குப் பயம் விட்டுப்போனது. அவளுக்கு அப்போதுதான் பிடித்துக்கொண்டது.

அவன் எழப் பார்த்தான். முடியவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, உண்டதையெல்லாம் வாந்தி எடுத்தான். இப்போது சிவப்புப் போய் உதடு வெளிறிக்கொண்டு வந்தது. அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஐஸ். கடைக்காரி அம்புலன்ஸுக்கு போன் பண்ணினாள்.

செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு இளம்பெண் வந்து மண்டியிட்டுப் பிரஷர் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். இந்தக் கொஞ்சச் சாராயத்துக்கு ஒரு ஆம்பிளை இப்படி விழமாட்டானே என்றாள். ஏதாவது மருந்துக் குளிசை போடுகிறாரா என்று கேட்டாள்.

"நைன்" என்று மறுத்தான் மரியதாஸ், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக. தலையிடிக்குப் பனடோல்கூடப் போடாத ஆள் அவன்.

செல்வராணிக்கு விடை தெரியும். வாயைத் திறந்தால் குடும்பம் போகும். திறக்காவிட்டால் ஆளே போய்விடும்.

திறந்தாள். குளிசையின் பெயரையும், ஒரு வருடமாக அவனுக்குத் தெரியாமல் கொடுத்துவருவதையும் சொன்னாள்.

குடியை நிறுத்தவென்று டொக்டர் எழுதித் தந்து, அவன் வேண்டாம் என்று தள்ளிவிட்ட குளிசை. அது குடிக்கிற ஆசையைக் குறைக்காது. குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், உயிர் போகிற மாதிரி வரும், ஒரு சொட்டும் ஆகாது என்று டொக்டர் இருவரையும் முன்னால் இருத்தி விளக்கியிருந்தார். அவன் ஒழுங்காகப் போடுகிறான் என்று டொக்டரிடம் பொய் சொல்லி அவள்தான் வாங்கிவந்தாள். தினமும் காலையில் கரண்டியால் நசித்து, சீனியைக் கூடப் போட்டு, அவன் தேத்தண்ணியில் கரைத்தாள். பின்னேரம் அவன் வேலையால் வந்ததும் கதவடியில் வைத்தே முகத்தைப் பார்த்தாள். ஒருநாளும் சிவந்ததில்லை. என்றாலும் அடுத்த நாளும் நசித்தாள். பழைய நாட்கள் அவளை அவ்வளவுக்குப் பயப்படுத்தியிருந்தன.

இளம்பெண் அவசரமாக ஊசி ஏற்றினாள். இது தெரிந்தது நல்லதாகப் போயிற்று, தப்பிவிடுவார் என்றாள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி மரியதாஸ் ஒட்சிசன் மாஸ்க்கை விலக்கினான். கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் மிக மெதுவாகக் கதைத்தான்.

"அப்ப நான் ஒருநாளும் குடிக்கேல்லை எண்டு உமக்கு நல்லாத் தெரியும், என்ன?"

பிறகு மாஸ்க்கைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான்.