கிராணியார் பெட்டி

டக்... டக்...

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், தகர டின்னில் ஏதோ விழும் சத்தம். மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்த வள்ளியம்மா கையை நிறுத்தினாள்.

"கேட்டியா? கிராணியார் பொத்தானை எண்ணிக்கிட்டு இருக்காரு. ஊரே சாக்கைக் கட்டிக்கிட்டு அலையுது, அவருக்குப் பொழுதைப் பாரு!"

மகள் ஜெயலெட்சுமி இடுப்பு முடிச்சை இறுக்கிக்கொண்டாள். சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தது அவள்தான். வீட்டில் இருந்தது ஒரே சேலை. அம்மா வெளியே போனால் மகள் உள்ளே.

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்து இரண்டு வருஷம். கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கவே எல்லாரும் பயந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜெயலெட்சுமிக்குக் கோயிலில் தாலி கட்டு. சேலையை அவளுக்குக் கட்டிவிடலாம். அம்மாவுக்கு எதிர்வீட்டு ஜன்னத் அக்கா ஒரு சாரோங் கைலி தருவதாகச் சொல்லியிருந்தாள். பெண்ணுக்கு ரவிக்கைதான் இல்லை.

வள்ளியம்மா எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கதிர்காமநாதன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாள். கப்பல்காரர்களிடம் பழைய பட்டாள உடுப்பும் கொடியும் வாங்கிச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு கிறுக்கு. சண்டைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெட்டியைத் திறந்து தெருவுக்கே பாடம் நடத்துவார்.

"இது ரஷ்யக் கப்பல்காரரின்ர சட்டை. பொத்தானைப் பாருங்கோ. இரட்டைத் தலைக் கழுகு எண்டால் ராசா காலத்தது. நட்சத்திரம் எண்டால் ராசாவைக் கலைச்சாப் பிறகு வந்தது. பொத்தானைத் தைக்கமாட்டினம். வட்டமாக் கண் வைச்சு, பின்னால வளையம் மாட்டுவினம். டோபியிட்டப் போகேக்க கழட்டலாம். இது அவையின்ர கொடி. வெள்ளையில மூலைக்கு மூலை நீலப் பட்டை."

இப்போது யார் கேட்டாலும் அந்தப் பெட்டி திறப்பதில்லை.

"அய்யா, ஒரே ஒரு சட்டை. பிரிச்சு ரவிக்கை தைச்சுக்கிறேன். புள்ளைக்குக் கல்யாணம்."

கிராணியார் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"தரமாட்டன்."

"சும்மா பெட்டியில கெடக்கிறதுதானே அய்யா?"

"அது உன்னட்ட இருக்கக் கூடாத சாமான். போ பிள்ளை."

"பூச்சி திங்கட்டும்! எம் பொண்ணு மானம் போகட்டும்!"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தரமாட்டன் எண்டால் தரமாட்டன்."

வாசலில் தெருக்காவல் சுப்பையா, கையில் பட்டை கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வேற்று நாட்டுப் பட்டாள உடுப்போ கொடியோ யார் வீட்டில் இருந்தாலும் சொல்ல வேண்டும், வைத்திருப்பவன் தலை போகும், சொன்னவருக்கு அரிசி என்று ஒரு வாரமாக வீடு வீடாகச் சொல்லிவந்தவன் அவன்தான்.

"தம்பி, நாளைக்கு இந்தப் பக்கமா வா. ஒரு விசயம் இருக்கு," என்றாள் வள்ளியம்மா.

"இப்பவே சொல்லுங்கக்கா."

"நாளைக்கு வா லா." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கால்சட்டை புதுசு போல?"

"ஹபீப் பாய் தைச்சுக் கொடுத்தாரு. மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் டக் என்றது. ஐந்து தடவை. அப்புறம் கிராணியார் வாசல் கதவு திறந்து மூடியது.

மறுநாள் தையல்காரர் ஹபீப் முகம்மது வள்ளியம்மாவைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு துணியை நீட்டினார். பக்காவ் என்னும் கடலோர மரத்தின் பட்டைச் சாற்றில் தோய்த்தெடுத்த பழுப்புச் சாயம், இன்னும் ஈரம் காயவில்லை.

"எங்கேருந்து பாய்?"

"கெடாவுலேருந்து வருது. இதுதான் கடைசி. கல்யாணச் சீருன்னு வெச்சுக்கம்மா."

வீட்டுக்கு வந்ததும் பலகைச் சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "எங்கேயோ கடை வெச்சிருக்கிற மனுசன் தர்றாரு. பக்கத்து வீட்டு மனுசனுக்கு நெஞ்சு கல்லு!"



துணியை மடியில் விரித்துத் தைக்கத் தொடங்கினாள். ஓரத்தில் விரல் எதிலோ தட்டியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

ஒரே வரிசையில் ஐந்து வட்டக் கண்கள். நூல் கொடுத்து அடைத்திருந்தது.

டோபியிட்டப் போகேக்க கழட்டலாம்.

நேற்றுச் சாயங்காலம் அவர் எண்ணவில்லை. கழற்றியிருக்கிறார். கையில் கொடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவளைப் பிடித்து உதைத்தால் பொய் சொல்லத் தெரியுமா அவளுக்கு?

"அக்கா! என்னமோ விசயம்னீங்களே?"

வாசலில் சுப்பையா. வள்ளியம்மா துணியை முழங்காலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"கிராணியார் வீட்டையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. அவரு விசயமா?"

"ஆமா தம்பி. அவரு... தனியா இருக்கிற மனுசன். வெள்ளிக்கிழமை எம் பொண்ணு கல்யாணத்துல பெரியவரா முன்னால நிக்கணும். நான் கொஞ்சம் பேசிட்டேன். நீ கூப்பிட்டா வருவாரு."

"இதுக்கா வரச் சொன்னீங்க! நான் என்னமோ அரிசி மூட்டையே வருதுன்னு நெனச்சேன்."

"நீயும் சாப்பிட வந்துடு. கிழங்குதான்."

சுப்பையா சலித்துக்கொண்டு கிராணியார் வாசலுக்குத் திரும்பினான். அவன் முதுகில் வெயில் விழுந்தது. அந்தப் புதுக் கால்சட்டையின் பின்பக்கத்தில், பழுப்புச் சாயத்துக்கு அடியில், மூலைக்கு மூலை இரண்டு பட்டைகள் கருநீலமாய்க் குறுக்கே ஓடின.

வள்ளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று மகளுக்குத் தெரியவில்லை.

பிறகு, கண் வைத்த ஓரம் உள்பக்கம் போகும்படி துணியை மடித்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.