நங்கூர முத்திரை

ரத்தினம்மாவின் புருஷன் அன்றைக்கு மூன்றாவது தடவையாகச் செத்துக் கிடைத்தான்.

"முதல்ல கேலாங் பக்கம், கிணறு தூர் வாரினப்போ. அப்புறம் தஞ்சோங் பகார்ல சாக்கடை வெட்டினப்போ. இப்ப நம்ம செம்பவாங்ல, அஸ்திவாரம் தோண்டினப்போ" என்று விரல் விட்டு எண்ணினான் கான்ஸ்டபிள் அண்ணாதுரை. "முந்தின ரெண்டு தடவையும் 'என் புருஷன்தான்'னு அழுது வாங்கிட்டுப் போயிருக்கு. ஒரு பொம்பளைக்கு எத்தனை எலும்புக்கூடுண்ணே? எனக்கென்னமோ இது பில்லி சூனியம் வைக்கிற கேஸ்தான் லா."

கேட்டுக்கொண்டிருந்த முத்துசாமி கப்பல் பட்டறையில் முப்பது வருஷமாகச் சாமான் ஸ்டோர் பார்க்கிறவர். உளியோ ஸ்பேனரோ, கையில் வாங்கி ஒரு தட்டுத் தட்டினால் எந்த ஊர் இரும்பு, எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அதற்காகத்தான் போலீஸில் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம் அது. வெளியே விடாத மழை. பகல் பதினொரு மணிக்கே ஸ்டேஷனில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

மேஜையில் ஒரு சாக்கு விரித்து, அதன் மேல் எலும்புகளை வைத்திருந்தார்கள். எல்லாம் தனித்தனியாகக் கழன்று கிடக்க, வலது கை விரல்கள் மட்டும் களிமண்ணோடு இறுகி ஒரு சுத்தியலைப் பிடித்தபடி இருந்தன. விடமாட்டேன் என்கிற பிடி.

"மூணாவது தடவைங்கிறது இன்ஸ்பெக்டர் துரைக்கு இன்னும் தெரியாது" என்று காதில் கிசுகிசுத்தான் அண்ணாதுரை. "சுத்தியலே சொல்லட்டும்னு விட்டுட்டேன். பொய்னு ஆச்சு, தூக்கி உள்ளே வெச்சிருவாரு."

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்து மலாயில் சொன்னார்: "நாற்பத்திரண்டு மாசி மாசம் ஜப்பான்காரன் இவள் புருஷனை லாரியில் ஏற்றிப் போனானாம். கையில் இந்தச் சுத்தியல் இருந்ததாம். சுத்தியல் அதற்கு முந்தியதா, பிந்தியதா? அது போதும் எனக்கு."

மூலையில் பெஞ்சில் இருந்த ரத்தினம்மா எழுந்து வந்தாள். நாற்பது வயசிருக்கும். அழுகை இல்லை. குனிந்து அந்த விரல் எலும்புகளை மெதுவாகத் தடவினாள்.

"நேரமாச்சு. எழுந்திரிங்க, போலாம்" என்றாள், தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி.

அண்ணாதுரை இரண்டடி பின்னால் போனான்.

முத்துசாமி மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஒரு சின்ன நங்கூர முத்திரை மேலே வந்தது. பையிலிருந்த ஸ்பேனரால் தட்டினார்.

வெள்ளைக்காரன் இரும்பு கோயில் மணி மாதிரி இழுத்துக் கேட்கும். இது ஓட்டைச் சட்டி போல 'டொக்' என்று நின்றுவிட்டது.

அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல எஃகு தீர்ந்துபோய், ஜப்பான்காரன் பழைய இரும்பை உருக்கிப் பட்டறையிலேயே வார்த்த சுத்தியல். நங்கூரம் குத்தி ஸ்டோருக்கு வந்தபோது எண்ணி அடுக்கியவரே அவர்தான்.

துரைக்குத் தமிழ் தெரியாது. முத்துசாமி குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இந்தச் சுத்தியல் பொறந்ததே நாப்பத்தி நாலுல. நாப்பத்திரெண்டுல போன மனுஷன் கையில இது எப்படிம்மா வரும்?"

"நான் சொல்லலை?" என்றான் அண்ணாதுரை.

ரத்தினம்மா திடுக்கிடவில்லை. "இது அவரு இல்லைன்னு எனக்கும் தெரியும்ணே."

"அப்ப மத்த ரெண்டும்?" என்று குறுக்கிட்டான் அண்ணாதுரை.

"அதுவும் இல்லை. அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்காரரைவிட ஒரு சாண் உசரம்."

"அடிப்பாவி! எலும்பை வாங்கிட்டுப் போயி என்னதான் பண்றே?"

"குளிப்பாட்டுவேன். வாய்க்கரிசி போட்டுப் புதைப்பேன். வருஷா வருஷம் திவசம் குடுக்கிறேன்." அவள் அண்ணாதுரையை நிமிர்ந்து பார்த்தாள். "மூணு மாசமா பேப்பர்ல போட்டாங்களே, தம்பி, யாரு வந்தா? நாளைக்குப் பொதுக்குழியில கொட்டிருவாங்களாமே."

"என்ன முத்துசாமி, முந்தியதா பிந்தியதா?" என்றார் துரை.

முத்துசாமியின் கை நங்கூரத்தின் மேல் துணியைப் போட்டது.

"முந்தியது, துவான். நாற்பதாம் வருஷத்துச் சரக்கு" என்றார் துரையிடம், மலாயில்.

அண்ணாதுரை வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டான்.

துரை காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சாக்கை வெளியே தூக்கி வந்தவன் அண்ணாதுரைதான். முத்துசாமிக்கு மனசு ஆறவில்லை. வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

"யாரு பெத்த பிள்ளைக்கோ, நீ எதுக்கும்மா பொய் சொல்லி ஜெயிலுக்குப் போகப் பார்க்கிறே?"

மழை படாமல் முந்தானையால் சாக்கை மூடிக்கொண்டே ரத்தினம்மா சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரை ஏத்துன லாரி எந்த ஊருக்குப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த ஊர்லயும் எவளாவது ஒருத்தி, 'இவரு என் புருஷன்தான்'னு பொய் சொல்லியிருக்க மாட்டாளாண்ணே?"