வில்லையின் மறுபாதி

வில்லையைப் பெட்டியிலிருந்து எடுத்தவள் அப்படியே நின்றாள்.

ஒரு பாதியில் மூன்று கருத்த வளையங்கள். அவன் சுட்டவை.

மறுபாதியில் ஒன்றுமில்லை. அவளுக்காக விட்டது.

பிஸ்கட்டளவு எஃகு. அதில் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்பது முன்பே தெரியும். காலையில் முதலில் இதைத்தான் கருவியில் வைத்து மின்பொறியால் சுடுவார்கள். தெரிந்த எண் வந்தால் கருவியை நம்பலாம். அதன் பிறகுதான் உலையிலிருந்து வரும் மாதிரி.

சுட்ட வளையங்களால் முகம் நிரம்பினால் தேய்த்துப் புதுமுகம் எடுக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க வில்லை மெலியும்.

அதனால் ஓர் ஏற்பாடு. இரவு ஷிப்டில் அவனுக்குப் பாதி. பகலில் அவளுக்குப் பாதி.

கணவன் மனைவி. வார நாட்களில் பார்த்துக்கொண்டது வார்ப்பாலையின் இந்த ஆய்வக வாசலில்தான்.

"உன்ற பாதி அப்படியே இருக்குது. சண்டைக்கு வராதே."

அன்றும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

அவள் கருவியைத் தொடுமுன்பே போன் வந்துவிட்டது.

அவன் காரியம் முடிந்து இன்றுதான் வந்திருக்கிறாள். இத்தனை நாளும் மாதிரிகள் வெளி ஆய்வகத்துக்குப் போயின.

தன் பாதியை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். வாயு சீறியது.

மாங்கனீஸ் குறைந்து வந்தது.

பக்கத்தில் இன்னொரு முறை. இப்போது கூடி வந்தது.

காற்றுப்பட்டு மங்கிய முகம். தேய்க்காமல் சரியாக வராது. எடுக்கும்போதே அவளுக்கு அது தெரியும்.

வாசலில் உலைக்கார நாச்சிமுத்து நின்றார். உள்ளே வரவில்லை.

"உலையில இரும்பு காஞ்சு நிக்குதுங்க அம்மிணி. முடியாட்டிச் சொல்லுங்க, இன்னைக்கும் வெளிய குடுத்து வாங்கிக்கலாம்."

"வேண்டாங்கண்ணா. இங்கயே பாத்துக்கலாம்."

தேய்க்கும் எமரித்தாள் சுழலத் தொடங்கியது. வில்லையை அதன்மேல் வைத்தாள்.

அழுத்தவில்லை.

பிறகு அழுத்தினாள்.

எடுத்தபோது வளையங்கள் இல்லை. எஃகு சூடாக இருந்தது. ஆறும்வரை விளிம்பைப் பிடித்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

சுட்டாள். இடம் மாற்றிச் சுட்டாள். மறுபடியும் சுட்டாள். எண்கள் ஒன்றோடொன்று ஒத்து வந்தன. வரவேண்டிய எண்கள்.

"கொண்டாங்கண்ணா," என்றாள்.

அவர் மாதிரியை எடுக்க ஓடினார்.

பெட்டியில் வைக்குமுன் வில்லையைத் திருப்பிப் பார்த்தாள்.

அவள் சுட்ட மூன்று வளையங்களும் நெருக்கியடித்து ஒரே பாதியில் இருந்தன.