பதில் வரும் வரை

மனைவி பிரிசில்லா இறந்த பிறகு, அவள் கணினியில் எழுதிய செஸ் புரோகிராமோடு ஆடுவதற்காகவே கஸ்பார் மாலையில் வீடு திரும்பினான். அது பலவீனமாகத்தான் ஆடும். ஆடக்கூடிய நகர்த்தல்கள் எவையெவை என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கவே அதற்கு நெடுநேரம் பிடிக்கும். அதைத் தாண்டி முன்னால் பார்க்க முடியாது. கஸ்பார் பொறுமையாகக் காத்திருப்பான். கடைசியில் ஜெயிப்பான்.

ஊரிலிருந்து வந்த அவள் தம்பி லூர்து இதைக் கவனித்தான். அக்காவின் வேலை பாதியில் நிற்கக் கூடாதென்று, நகர்த்தல்களைத் தேடும் பகுதியைப் புதிதாக எழுதினான்.

"இப்ப ஆடிப் பாருங்க அத்தான்."

கஸ்பார் சிப்பாயை நகர்த்தினான். உடனே பதில் வந்தது. அடுத்ததற்கும் அப்படியே. தேடல் வேகமாகிவிட்டதால், அது இப்போது அவனைவிட வெகுதூரம் முன்னால் பார்த்தது. சற்று நேரத்தில் அவன் ராஜா மூலையில் சிக்கியது.

"இது யோசிக்கவே இல்லியே, மாப்ள."

"யோசிக்கி அத்தான். வேகமா யோசிக்கி."

"முன்னால அது யோசிக்கும்போது, அவ உள்ள இருந்து யோசிக்கான்னு நெனச்சிக்கிடுவேன்."

லூர்துவின் முகம் வாடியது. "பழசு இருக்கு அத்தான். மாத்திரட்டா?"

"வேண்டாம். என்னைய ஒரு ஆட்டமாவது தோக்கடிச்சிரணும்னு ஆஸ்பத்திரிக் கட்டில்லகூட இதத்தான் நோண்டிக்கிட்டுக் கெடந்தா."

கஸ்பார் எழுந்தான். தோற்ற ஆட்டக்காரன் செய்வதுபோலத் திரைக்கு முன்னால் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. லூர்து வந்து அந்தக் கையைப் பற்றிக்கொண்டான்.