வசுந்தராவின் இதயத் துடிப்பு

பவளத்திட்டருகே நின்றதும், "துடிப்பு அதிகம். ஏணியை இறக்க முடியாது," என்றது, வசுந்தராவின் கைப்பட்டை வழியே அவள் இதயத் துடிப்பை அளந்துகொண்டிருந்த வாடகைச் சொகுசுப் படகு. சிறுவயதில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வசுந்தராவை, குணமான பிறகும், வீட்டில் ராட்டினத்தில்கூட ஏற்றியதில்லை.

"டாக்டரே சரின்னுட்டார். இது சந்தோஷத் துடிப்புங்க!" என்றாள் கணவன் பிரசன்னாவிடம்.

"உன் ஆபீஸ் மீட்டிங்கை நெனச்சுக்கோ, வசு."

கண்ணை மூடினாள். மேலாளரின் நீண்ட பேச்சு நினைவில் ஓட, கொட்டாவி வந்தது. ஏணி சட்டென்று இறங்கியது.

முகமூடியோடு நீரில் முகம் புதைத்தாள். கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் காதில் கேட்டது. நெஞ்சு மறுபடி படபடத்தது. "உடனே மேலே வாருங்கள்!" என்று படகு அலறியது.

அவள் தலைதூக்கிக் கத்தினாள்: "ஏங்க, சீக்கிரம் குதிங்க! கீழ ஒரு ஊரே இருக்கு!"