பத்தொன்பது டிகிரி

“தரையும் காற்றும் சூட்டை எப்படிப் பங்கு போடும்னு சொல்ற மாடல் இது, கீர்த்தி. எர்ணாவூர் மொட்டைமாடிக்கு ஐம்பத்தஞ்சு டிகிரிங்குது. அங்க வச்ச கருவி முப்பத்தாறு காட்டுது. மாடலைத் தூக்கிப் போட்டுடலாமா?” என்றார் பேராசிரியர்.

“மாடல் தப்பில்ல சார்.”

மதியமே கீர்த்தி அந்த மாடிக்கு ஏறினாள். கருவியைச் சுற்றித் தளம் முழுக்கச் சாக்குகள். மீன்காரப் பூவம்மா அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது?”

“மீனு வாடாம ஈரச் சாக்கு போட்டுத்தான மூடுவோம்? கீழ வூட்ல என் பொண்ணு பச்சப்புள்ளயோட கீது. புள்ள அனல்ல தூங்கமாட்டுது. எடுத்துறவா?”

கீர்த்தி குனிந்து ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

“வேணாங்க்கா.”

மடிக்கணினியைத் திறந்து, மாடலில் தளத்தை ஈரமென்று மாற்றி ஓட்டினாள். முப்பத்தாறு வந்தது.

“பாத்தியாக்கா, என் கணக்கு சரி!”

“மீனுக்கே தெரிஞ்ச கணக்கும்மா. கத்தாத, புள்ள தூங்குது.”