அலையில் கால் நனைக்க

மனித உயிரைவிட மேலானது இவ்வுலகில் எதுவுமில்லை. இப்படிப் பிரகடனம் செய்தபோது தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியின் தலை கட்டிலுக்கடியில் இருந்தது. ரப்பர் மிதவையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வீட்டைக் காலி பண்றோம். போற ஊர்ல கடலே கிடையாது. இன்னைக்காவது அலையில காலை நனைச்சுடணுங்க" என்றாள் மனைவி.

"நனைக்கலாம்மா. குடை, தொப்பி, தண்ணி, வெயிலுக்குப் பூசற கிரீம், பேண்டேஜ் எல்லாம் வெச்சாச்சு. விசிலைத்தான் காணோம்."

"விசில் எதுக்கு?"

"நீ முழுகினா ஊதணுமில்ல?"

"ஊருல முழுகறவளுக்குக் கையைக் கொடுப்பாங்க. நீங்க ஊதுவீங்களாக்கும்!"

விசில் கிடைத்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. அவர் பெருமூச்சோடு பையை மூடினார்.

"இருட்டினா கடல் ஆபத்தும்மா. இன்னொரு நாள் பார்ப்போம்."

"அப்ப நான் மட்டும் போயிட்டு வரட்டுமா?"

"தனியாவா? அது அதைவிட ஆபத்து!"

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட பதில்தான். இம்முறை அவள் உட்காரவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கதவைத் திறந்தாள். தெருவைத் தாண்டினாள். முதல் அலை பாதத்தைத் தொட்டதும் அழுகை வந்துவிட்டது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் குடியிருந்தது கடலுக்கு எதிர்வீட்டில்.